பரிசோதனை முடிவு நடுவில் நிற்கிறது, என் மகள் வருத்தக்காரியா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

மகளுக்கு இப்போது ஐந்தரை வயது. ரொறன்ரோவில் பிறந்தவள். ஒன்டாரியோ மாகாணத்தில் 2008 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளையும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, சுவாசப்பையையும் கணையத்தையும் பாதிக்கும் பரம்பரை நோய்க்காகச் சோதிக்கிறார்கள். குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தில் ஓர் அளவு கூடியிருந்ததால், சீ.எஃப்.டீ.ஆர். மரபணுவையும் பார்த்திருக்கிறார்கள். அதில் இரண்டு மாற்றங்கள் இருந்தன. ஒன்று, இந்த நோயில் அதிகம் காணப்படும் எஃப்508டெல். மற்றது அரிதானது, அதனால் என்ன விளைவு வரும் என்று இன்னும் முடிவாகவில்லை. வியர்வைச் சோதனையில் குளோரைட்டு குழந்தையாக இருந்தபோது 36, இரண்டு வயதில் 41. “நோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, வருடாவருடம் கொண்டுவந்து காட்டுங்கள்” என்றார்களாம். அப்புறம் குடும்பம் கொழும்புக்குத் திரும்பிவிட்டது. இங்கே எந்தக் கிளினிக்குக்கும் போகவில்லை.

பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், வளர்கிறாள். தாய்க்குத்தான் நித்திரை இல்லை. இரவில் மகள் எத்தனை தரம் இருமுகிறாள் என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு வைக்கிறார். யூடியூப் பார்த்துக் காலையும் மாலையும் முதுகில் தட்டிவிடுகிறார். தடிமன் வந்தவுடன் பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்குகிறார். பாலில் உப்புப் போடுகிறார். கிருமி தொற்றும் என்று மொன்டிசோரியையும் நிறுத்திவிட்டார். கணவரோ, “பிள்ளை நல்லாத்தானே இருக்கிறாள், ஏன் தேவையில்லாமல் ஆஸ்பத்திரிக்கு அலையிறாய்?” என்கிறார். கணவர் சொந்த மச்சான். “சொந்தத்துக்குள்ள செய்யாதையுங்கோ எண்டு அப்பவே சொன்னனான்” என்று அம்மம்மா ஒரு பக்கம், “எங்கட ஆக்களில ஒருத்தருக்கும் இப்பிடி இல்லை” என்று மாமி மறுபக்கம். ஒன்றரை வயது மகன் கொழும்பில் பிறந்தவன், அவனுக்கு இந்தச் சோதனை நடக்கவில்லை. “நாலில் ஒரு பிள்ளைக்கு என்றார்கள். அது மகளோடு முடிந்துவிட்டதுதானே?” என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: போன கிழமை மகள் கேட்டாளாம், “அம்மா, நான் வருத்தக்காரியோ?”

அன்புள்ள சகோதரி,

மகள் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளின்படி அவள் வருத்தக்காரி இல்லை. உங்கள் மனது ஆறட்டும் என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. நிறையும் உயரமும் வளர்ச்சி அட்டையில் ஒரே கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏறுகின்றன. மலத்தில் பார்த்த எலாஸ்டேஸ் அளவு, கணையம் நன்றாக வேலை செய்கிறது என்று காட்டுகிறது. நெஞ்சுச் சளிக்காக அவள் ஒரு நாள்கூட வார்ட்டில் இருந்ததில்லை. அவளிடம் இருப்பது முடிவு தெரியாத ஒரு பரிசோதனை. அதை வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற நாளெல்லாம் அவள் ஐந்தரை வயதுப் பிள்ளையாக வளர வேண்டும்.

நடுவில் நிற்கும் எண்

வியர்வையில் குளோரைட்டு லீட்டருக்கு 30 மில்லிமோலுக்குக் குறைவாக இருந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 60 அல்லது அதற்கு மேல் என்றால் நோய் என்று எடுத்துக்கொள்கிறோம். 30 முதல் 59 வரை நடுப்பகுதி, உங்கள் மகள் நிற்பது அங்கே. 36, 41 ஆனதைப் பார்த்து “ஏறிக்கொண்டு போகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு தரம் எடுத்தால் இவ்வளவு வித்தியாசம் சாதாரணமாகவே வரும். சில பிள்ளைகளுக்கு வயதோடு உண்மையாகவே ஏறுவதும் உண்டு, அதனால்தான் திரும்பவும் எடுக்கச் சொல்கிறோம். இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

உடலில் நடப்பது இதுதான். இந்த மரபணு உருவாக்கும் புரதம், கலங்களின் சுவரில் குளோரைட்டு போய்வரும் வாசல். அது வேலை செய்யாவிட்டால் வியர்வையில் உப்பு மிஞ்சும், சுவாசப்பையிலும் கணையத்திலும் சுரப்பு தடித்துப்போகும். இந்த மரபணு ஒவ்வொருவரிடமும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒரு பிரதி பழுதாகி மற்றது நன்றாக இருப்பவர்கள் தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் சுகமாக வாழ்கிறார்கள். மகளுடைய இரண்டாவது மாற்றம் அந்த வாசலை எவ்வளவு குறைக்கிறது என்பதுதான் தெரியாமல் இருக்கிறது.

‘எல்லைக்கோடு’ என்றால் நோய் மெல்லத் தொடங்கிவிட்டது என்று நீங்கள் விளங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. இந்த வகையில் வரும் பிள்ளைகளில் பலர் நோய் இல்லாமலே வளர்கிறார்கள். சிலருக்கு, வியர்வை அளவு 60ஐத் தாண்டுவதாலோ, அறிகுறிகள் வருவதாலோ, அந்த மரபணு மாற்றம் பற்றிப் புதிதாகத் தெரியவருவதாலோ, பின்னர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று உறுதியாகிறது. இன்னும் சிலருக்கு வளர்ந்த பிறகு கணைய அழற்சியோ நாட்பட்ட சைனஸ் தொல்லையோ தனியாக வரலாம். அவள் எந்தப் பக்கம் போவாள் என்று இன்றைக்கு எந்த டொக்டராலும் சொல்ல முடியாது. உங்களுக்குக் கஷ்டம் தருவது இந்தத் தெரியாமைதான், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் நீங்கள் இணையத்தில் வாசித்த ஆயுட்கால எண்கள் நோய் உறுதியானவர்களுடையவை, அவற்றிலும் பல, புதிய மருந்துகள் வருவதற்கு முந்திய காலத்தவை. அவற்றை உங்கள் மகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

இனித் தேடுவதானால் ஒரு விஷயம்: இப்படி நடுவில் நிற்கும் பிள்ளைகளின் நிலைக்கு ஒரு தனிப் பெயர் உண்டு. உங்கள் ரிப்போர்ட்டில் சீ.ஆர்.எம்.எஸ். (CRMS) என்று இருப்பதைத்தான் ஐரோப்பியர் சீ.எஃப்.எஸ்.பி.ஐ.டி. (CFSPID) என்று எழுதுகிறார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று மட்டும் போட்டுத் தேடினால் உங்கள் மகளுக்குப் பொருந்தாத பக்கங்கள்தான் வந்து நிற்கும்.

சொந்தக் கலியாணம்

சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும்போது, பூட்டன் பூட்டியிடமிருந்து வந்த ஒரே மாற்றம் தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் பிள்ளைக்கு வந்துசேரும் ஆபத்துக் கூடுகிறது என்பது உண்மை. அப்படி வந்திருந்தால் மகளிடம் ஒரே மாற்றம் இரண்டு தரம் இருந்திருக்க வேண்டும். அவளிடம் இருப்பவை இரண்டு வெவ்வேறு மாற்றங்கள். அதாவது மச்சானைக் கட்டியதால் இது வரவில்லை. இதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மாமி சொல்வதிலும் தவறு இருக்கிறது. ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் எந்த வருத்தமும் தெரியாது. பரம்பரையில் யாருக்கும் நோய் இல்லை என்பதால் அந்தப் பக்கம் மாற்றம் இல்லை என்று ஆகாது.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்த இடம் வேறு. உங்கள் இரத்தத்தையும் கணவருடைய இரத்தத்தையும் கேட்டார்கள், அவர் அப்போது கொழும்பில் நின்றதால் கொடுக்கவில்லை, பிறகு அது விடுபட்டுப்போனது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சின்ன விஷயம் இல்லை. ஒரு மாற்றம் உங்களிடமிருந்தும் மற்றது அவரிடமிருந்தும் வந்திருந்தால், மகளுடைய இரண்டு பிரதிகளிலும் மாற்றம் உண்டு. இரண்டும் ஒருவரிடமிருந்தே, ஒரே பிரதியில் சேர்ந்து வந்திருந்தால் அவளுடைய மற்றப் பிரதி சுத்தமானது, அவள் வெறுமனே சுமப்பவள். இவ்வளவு பயமும் உங்கள் இருவருடைய இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தீர்ந்துபோகவும் இடம் இருக்கிறது. நிச்சயம் அப்படித்தான் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் இதைச் செய்யாமல் இன்னொரு வருடத்தைக் கடத்த வேண்டாம். யாருடைய பக்கத்தால் வந்தது என்று சொல்லிக் காட்டுவதற்கு அந்த ரிப்போர்ட்டை எடுக்கப் போவதில்லை என்று இரண்டு பேரும் முதலே பேசி முடிவெடுங்கள். மரபணு ஆலோசனைக்குக் கொழும்பு மருத்துவ பீடத்தின் மரபியல் பிரிவு இருக்கிறது, சிறுவர் வைத்திய நிபுணரின் கடிதத்தோடு போனால் இலகு.

நிறுத்தக்கூடியவை

இருமல் கொப்பியை இன்றிரவே மூடிவிடுங்கள். மொன்டிசோரிக்குப் போகும் வயதில் எந்தச் சுகமான பிள்ளைக்கும் வருடத்தில் ஆறு, எட்டுத் தரம் தடிமன் வரும். மழைக்காலத்தில் ஒன்று முடிய முன்னமே அடுத்தது தொடங்கும். இத்தனை தரம் இருமினாள் என்ற எண் எங்களுக்கு எதையும் சொல்வதில்லை. சளியோடு சேர்ந்த ஈர இருமல் எத்தனை கிழமை நீடிக்கிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டியது. அதற்குக் கலண்டரில் தொடங்கிய நாளைக் குறித்தால் போதும்.

முதுகில் தட்டுவது நோய் உறுதியான பிள்ளைகளுக்குப் பிசியோதெரபி நிபுணர் அளந்து சொல்லிக்கொடுக்கும் சிகிச்சை. சுகமான நெஞ்சுக்கு அது தேவைப்படாது. நீங்கள் எழுதியிருந்தீர்கள், மாலையில் நீங்கள் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டாலே மகள் தானாக வந்து மடியில் குப்புறப் படுத்துவிடுவாள் என்று. “நான் வருத்தக்காரியோ” என்ற கேள்வி அங்கேயிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவளை காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஓட விடுங்கள், நீந்தப் பழக்குங்கள். மூச்சு வாங்க ஓடுவதைவிட அவளுடைய நெஞ்சுக்கு நல்லது வேறில்லை.

பார்மசி அன்டிபயோட்டிக் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: வேண்டாம். தடிமன் வைரஸால் வருவது, அந்த மருந்து அதைத் தொடாது. நாளைக்கு உண்மையாகவே தேவைப்படும்போது வேலை செய்யாமல் போகும் ஆபத்தும் உண்டு. இருமல் நீடித்தால் முதலில் சளியைச் சோதித்து, என்ன கிருமி என்று பார்த்துத்தான் மருந்து.

பாலில் உப்பும் வேண்டாம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டில், சம்பலிலும் கருவாட்டிலும், தேவையான உப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் பயந்ததில் ஓர் உண்மை உண்டு. வியர்வையில் உப்பு அதிகம் போகும் பிள்ளைகளுக்கு, கொழும்பின் மார்ச், ஏப்ரல் வெயிலில் உடலில் உப்புக் குறைந்துபோகலாம். மகளைப் போன்றவர்களுக்கு அது அரிது, என்றாலும் மனதில் இருக்கட்டும். வெயிலில் நெடுநேரம் விளையாடும் நாளிலும், வயிற்றோட்டம் வந்தாலும், ஜீவனி என்ற உப்பு–சீனிக் கரைசல் தூளைப் பக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். தனியாக உப்புக் கொடுப்பதா என்பதை டொக்டர் சொல்லட்டும்.

உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பத் தயாராக இருக்கும் குளிசை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பழுதான அந்தப் புரத வாசலை வேலை செய்யவைக்கும் புதிய மருந்துகளில் அது ஒன்று. அவற்றில் 2012இல் முதலாவதும், 2019இல் மூன்று மருந்து சேர்ந்ததும் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பல குடும்பங்களின் வாழ்க்கையே மாறியது. அவை நோய் உறுதியானவர்களுக்கு, குறிப்பிட்ட மரபணு மாற்றங்களுக்கு, ஈரலைச் சோதித்துச் சோதித்துக் கொடுப்பவை. அறிகுறி இல்லாத உங்கள் மகளுக்கு அவற்றைக் கொடுக்கவே கூடாது.

வீட்டில் மாற்றக்கூடிய ஒன்று புகை. சிகரெட், நுளம்புச்சுருள், அறையை மூடிவிட்டுப் போடும் சாம்பிராணி எல்லாம் அவளுடைய படுக்கையறைக்கு வெளியே போகட்டும்.

கிளினிக்கை விடக் கூடாது

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். ஆகவே காட்டத் தேவையில்லை என்ற மறுபாதியில்தான் எனக்கு உடன்பாடில்லை. இதில் ஏதாவது மாறுவதாக இருந்தால் வெளியே தெரிய முன்னமே பிடிக்கலாம், பிடித்தால் செய்வதற்கு வழி இருக்கிறது. அவரையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். டொக்டர் சொன்னதை நீங்கள் வீட்டில் வந்து சொல்வதும், அவரே நேரில் கேட்பதும் ஒன்றாகாது.

பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை அரசாங்க ஆஸ்பத்திரி, கிளினிக்குக்குப் பணம் இல்லை. உங்கள் சிறுவர் வைத்திய நிபுணரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, சுவாச நோய்ப் பிரிவில் காட்டுவதற்குக் கேளுங்கள். ஐரோப்பிய சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் சங்கத்தின் 2021 வழிகாட்டல், இந்தப் பிள்ளைகளை 6 வயதில் ஒருமுறை முழுமையாக மதிப்பிட்டு, தொடர்ந்து பார்ப்பதா, வழக்கமான டொக்டரிடம் விட்டுவிடுவதா என்று முடிவெடுக்கச் சொல்கிறது. உங்கள் மகளுக்கு அந்த வயது நெருங்கிவிட்டது. ஊதிப் பார்க்கும் சுவாசப் பரிசோதனையும் அந்த வயதில்தான் ஒழுங்காகச் செய்ய வரும்.

வியர்வைச் சோதனை அவளுக்கு ஞாபகம் இருக்காது, ஆகவே முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள். ஊசி இல்லை. முன்கையில் மருந்து தடவிய வட்டம் ஒன்றை வைத்துக் கட்டி, ஐந்து நிமிடம் மெல்லிய மின்சாரம் விடுவார்கள், எறும்பு ஊர்வது போல் இருக்கும். பிறகு அந்த இடத்தில் சின்ன ஒரு சுருளைக் கட்டி அரை மணி நேரம் வியர்வை சேர்ப்பார்கள். ஒரு கதைப் புத்தகம் வாசிக்கும் நேரம். அன்றைக்குக் கையில் கிறீம் பூசாதீர்கள்.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். நோய் உறுதியான பிள்ளைகளின் சளியில் சூடோமோனஸ் போன்ற கிருமிகள் இருக்கலாம், அதனால் அந்தப் பிள்ளைகளையே ஒருவரிடமிருந்து ஒருவர் தள்ளித்தான் இருத்துவோம். உங்கள் மகளை அவர்களோடு ஒரே வாங்கில் மணிக்கணக்காக இருத்தாமல் வேறு நேரமோ வேறு நாளோ தரும்படி தாதியிடம் சொல்லலாம். இது நியாயமான கோரிக்கை, தயங்க வேண்டாம்.

அந்த அரிதான மாற்றத்தையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மரபணு கண்டுபிடிக்கப்பட்டது 1989இல். அதற்குப் பிறகு அதில் 2000க்கு மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. எது நோய் தரும், எது தராது என்று தரம்பிரிக்கும் சீ.எஃப்.டீ.ஆர்.2 என்ற சர்வதேசத் தரவுத்தளம் இடைக்கிடை புதுப்பிக்கப்படுகிறது. ஐரோப்பியரிடம் காணப்படும் மாற்றங்களைப் பற்றி அதிகம் தெரியும், எங்கள் பக்கத்து மாற்றங்களைப் பற்றிக் குறைவு. ஐந்து வருடத்துக்கு முன் ‘தெரியாது’ என்றிருந்தது இன்று தெரிந்திருக்கலாம்.

அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாதவை:

- ஈர இருமல் நான்கு கிழமைக்கு மேல் நீடிப்பது
- நிறை ஏறாமல் நிற்பது, அல்லது குறைவது
- எண்ணெய் மிதக்கும், கடும் மணமுள்ள மலம் தொடர்ந்து போவது
- மேல்வயிற்றில் கடுமையான வலியும் வாந்தியும்
- வெயில் நாளில் வாந்தியோடு சோர்ந்து துவண்டுபோவது (அன்றே ஆஸ்பத்திரிக்கு)

தம்பி

நாலில் ஒன்று என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகத் தொடங்கும் கணக்கு. அக்காவுக்கு வந்ததால் தம்பிக்கு வராது என்றில்லை, வரும் என்றும் இல்லை. நீங்களும் கணவரும் ஒவ்வொரு மாற்றத்தைச் சுமப்பவர்களாக இருந்தால், அவனுக்கும் அதே இரண்டும் கிடைத்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு. ஒன்று மட்டும் கிடைத்திருக்கப் பாதி வாய்ப்பு, ஒன்றுமே இல்லாமல் இருக்க நாலில் ஒன்று. அவனுக்கு ஒரு வியர்வைச் சோதனை செய்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். அது சாதாரணமாக வந்து, பிள்ளையும் சுகமாக இருந்தால், சுமப்பவனா என்று பார்க்கும் மரபணுச் சோதனையை இப்போது செய்ய வேண்டாம். அதை அவன் வளர்ந்து தானே தீர்மானிக்கலாம். அளவு நடுவில் நின்றால் அக்காவோடு சேர்ந்து அவனும் கிளினிக்குக்கு வரட்டும்.

பாடசாலையும் ஊர்வாயும்

மொன்டிசோரிக்குத் திரும்ப அனுப்புங்கள், முதலாம் ஆண்டிலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே சேருங்கள். தடுப்பூசிகள் ஒன்றும் தவறக் கூடாது, இன்ஃபுளுவென்சா ஊசி பற்றியும் டொக்டரிடம் கேளுங்கள். வகுப்பு ரீச்சரிடம் நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. “வெயிலில் விளையாடும்போது அடிக்கடி தண்ணீர் குடிக்க விடுங்கள்” என்றால் போதும். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் சுகாதார வைத்திய அதிகாரியிடம் முழு விவரத்தையும் சொல்லலாம். காப்புறுதிப் படிவத்தில் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதி, ‘நோய் உறுதியாகவில்லை’ என்ற கிளினிக் கடிதத்தையும் இணையுங்கள். மறைத்தால் பிறகு பணம் கேட்கும்போது அதையே காரணம் காட்டுவார்கள்.

“நாளைக்குக் கலியாணம் பேசேக்க என்ன சொல்லுறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்தரை வயதுப் பிள்ளையின் கலியாணத்தை இப்போது சுமக்காதீர்கள். இந்த ரிப்போர்ட் அவளுடையது. பதினாறு, பதினெட்டு வயதில் அவளுக்கு முழுமையாக விளங்கப்படுத்துங்கள், யாரிடம் எப்போது சொல்வது என்பதை அவள் தீர்மானிப்பாள். அதுவரை இந்தக் கதை ஊர் முழுக்கப் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் இருவருடைய பொறுப்பு. இப்போது அவளிடம் சொல்ல, “உனக்கு வருத்தம் இல்லை குஞ்சு, உன்ர வேர்வையில உப்புக் கொஞ்சம் கூட, அதை டொக்டர் வருசத்துக்கு ஒருக்காப் பார்ப்பார்” என்பது போதும். இன்னும் கேட்டால் இன்னும் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்ல வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் இரவில் நித்திரை வராமல், அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே விழித்திருப்பீர்களானால், அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். பிள்ளைக்காகப் போகும் இடத்தில் தாயைப் பற்றிக் கதைப்பதில் தவறில்லை. உளநல ஆலோசனைக்கு அங்கேயே கடிதம் தருவார்கள்.

முதல் கிளினிக்குக்கு ரொறன்ரோவில் எடுத்த இரண்டு வியர்வைச் சோதனை முடிவுகளையும், மரபணு ரிப்போர்ட்டின் முழுப் பிரதியையும் (சுருக்கக் கடிதம் போதாது, மாற்றங்களின் குறியீடு இருக்க வேண்டும்) கொண்டுபோங்கள். கையில் இல்லாவிட்டால் அந்த வைத்தியசாலைக்கு எழுதிக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். மகளுடைய வளர்ச்சி அட்டையோடு தம்பியுடையதையும் எடுத்துவையுங்கள்.